கோயில் கைடுக்கு ஸ்பானிஷ்: மதுரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆகஸ்ட் மாதம் ஸ்பெயினில் பெரிய விடுமுறைக் காலம். கடையையும் அலுவலகத்தையும் மூடிவிட்டுக் குடும்பம் குடும்பமாக எங்காவது கிளம்பிவிடுவார்கள். அதில் ஒரு பங்கு சென்னையில் இறங்கி, மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், திருச்சி பார்த்துக்கொண்டு மதுரைக்கு வரும். இங்கிருந்து தேக்கடி, அப்புறம் கொச்சி, அங்கே விமானம். மற்ற வெளிநாட்டுக்காரர்கள் டிசம்பர் குளிருக்காகக் காத்திருக்க, ஆடியிலும் ஆவணியிலும் சித்திரை வீதிகளில் ஸ்பானிஷ் அடிக்கடி காதில் விழும்.

இந்த ஆய்வில் வரும் மாணவர் அந்த வீதிகளில் வேலை செய்கிற கைடு. நாற்பதைத் தாண்டியவர். ஆங்கிலத்தில் கோயிலைச் சுற்றிக்காட்டி நீண்ட அனுபவம் உண்டு. பெயர் வேண்டாம் என்றார், அதனால் 'அண்ணன்' என்றே எழுதுகிறேன். வகுப்பிலும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவருக்கு நான் 'டீச்சர்'.

ஸ்பானியக் குழுக்கள் பெரும்பாலும் ஸ்பானிஷ் தெரிந்த ஒரு துணையாளரோடு வரும். உள்ளூர்க் கைடு ஆங்கிலத்தில் சொல்ல, அவர் ஸ்பானிஷில் மாற்றிச் சொல்வார். அண்ணனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "நான் பத்து நிமிஷம் சொல்றதை அவர் ரெண்டு வரியில முடிச்சிடுறார், டீச்சர். மீனாட்சி கல்யாணத்தையே ரெண்டு வரியில முடிச்சா எப்படி?" மொழி தெரிந்த கைடுக்குக் கூலி கூடுதல் என்பதும் உண்டு. ஆனால் அவர் அதை இரண்டாவதாகத்தான் சொன்னார்.

பொங்கல் கழிந்து வந்து சேர்ந்தார். இலக்கு ஆகஸ்ட். வகுப்பு நேரத்தைக் கோயிலே தீர்மானித்துவிட்டது: மதியம் நடை சாத்தியிருக்கும் நேரம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். அப்படி எழுதிப் படிப்பதில் என்ன ஆபத்து என்பதும் இந்த ஆய்வின் ஒரு பகுதி.

எங்கே முட்டியது

என்னிடம் வருவதற்கு முன் சில மாதங்கள் கைப்பேசிச் செயலி ஒன்றில் ஸ்பானிஷ் படித்திருந்தார். தினமும் தவறாமல். 'பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்', 'பெண் பால் குடிக்கிறாள்' எல்லாம் வந்தது. "சரி அண்ணே, தெற்குக் கோபுரத்துக்கு முன்னாடி நிக்கிறீங்க, என்ன சொல்வீங்க?" என்றேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்ன நடக்கிறது என்று கேட்டால், தமிழில் தோன்றுவதை ஆங்கிலத்தில் அடுக்கி, அந்த ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக ஸ்பானிஷில் தேடுகிறார். தேடி முடிப்பதற்குள் சுற்றுலாக்காரர் அடுத்த கோபுரத்துக்குப் போய்விடுவார்.

அவர் நோட்டைப் பார்த்தேன். எல்லாம் தமிழ் எழுத்தில். 'பெஸோ' என்று ஓரிடத்தில் 'எடை' என்றும், நாலு பக்கம் தள்ளி அதே 'பெஸோ'வுக்கு 'முத்தம்' என்றும் எழுதியிருந்தார். ஸ்பானிஷில் முதலாவது 'பல்'லில் வரும் ப, இரண்டாவது 'பஸ்'ஸில் வரும் ப. அதேபோல் 'தோஸ்' என்றால் இரண்டு, 'தோஸ்' என்றால் இருமல். முன்னது 'தோசை'யின் த, பின்னது 'தலை'யின் த. தமிழில் நமக்கு இது பிரச்சினையே இல்லை. 'பஸ்' என்று எழுதியதைப் பார்த்ததும் எந்த ஒலி என்று தெரிந்துவிடும், ஏனென்றால் சொல் முன்பே தெரியும். தெரியாத மொழியின் சொல்லுக்கு அந்த உதவி கிடையாது. முதல் வாரமே தமிழ் எழுத்தை விட்டுவிடச் சொன்னேன். ஸ்பானிஷ் எழுத்து மொத்தம் 27, எழுதியபடி படிக்கும் மொழி, உயிரொலி ஐந்துதான். ஆங்கிலம் படித்த யாருக்கும் இரண்டு மூன்று உட்காரல்களில் வாசிக்க வந்துவிடும். இதைத் தள்ளிப்போடுவதால் ஒரு லாபமும் இல்லை.

உயிரொலி ஐந்து என்றால் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றாது என்று அர்த்தம். நமக்கு அது பழக்கமில்லை. அதற்குப் பதிலாக அழுத்தம் பொருளை மாற்றும். 'அப்லோ' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்', கடைசி அசையை அழுத்தினால் 'பேசினார்'. 'பாபா'வில் முதலசை அழுத்தினால் உருளைக்கிழங்கு (இது லத்தீன் அமெரிக்காவில்), கடைசி அசை என்றால் அப்பா. விதி எளிது: சொல் உயிரெழுத்திலோ, 'ன்', 'ஸ்' ஒலியிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசை அழுந்தும், மற்றவற்றில் கடைசி அசை. இதை மீறும் சொல்லுக்குத் தலையில் ஒரு சாய்கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

ஆங்கிலத்தை நடுவிலிருந்து எடுத்தது

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் இந்தப் பகுதியில் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் ஸ்பானிஷ் பாடங்கள் ஆங்கிலம் பேசுபவருக்காக எழுதப்பட்டவை. ஆங்கிலேயருக்கு எது கஷ்டமோ அதை நமக்கும் கஷ்டம் என்று சொல்லிக்கொடுக்கின்றன. தமிழ் பேசுகிறவருக்கு அதில் பாதி ஏற்கெனவே வீட்டுப் பழக்கம்.

அண்ணன் 'எனக்குக் கோயில் பிடிக்கும்' என்பதற்கு 'யோ குஸ்தோ' என்று ஆரம்பித்தார். ஆங்கிலத்தின் 'நான்' முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. "அண்ணே, தமிழ்ல 'நான் பிடிக்கிறேன் கோயில்'னு சொல்வீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். 'மே குஸ்தா எல் தெம்ப்லோ': எனக்குப் பிடிக்கும் கோயில். 'மே துவேலே லா கபேஸா': எனக்கு வலிக்குது தலை. ஆங்கிலப் பாடநூல் இதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கும். நமக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பிடித்தது பலவாக இருந்தால் ஸ்பானிஷ் வினையும் பன்மையாகி 'மே குஸ்தான்' ஆகும். தமிழ் அந்த இடத்தில் அசையாது.

அடுத்து, 'யோ, யோ' என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நான்' போட்டுக்கொண்டிருந்தார். தமிழில் 'வரேன்' என்றாலே யார் என்று தெரியும். ஸ்பானிஷிலும் வினை முடிவு ஆளைக் காட்டிவிடும்: அப்லோ, அப்லாஸ், அப்லா என்றால் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார். இரண்டு மொழியிலும் தேவையில்லாமல் 'நான்' சேர்த்தால் தற்பெருமை மாதிரிதான் கேட்கும்.

'உனக்கு அதைத் தருகிறேன்' என்பது 'தே லோ தோய்'. தே உனக்கு, லோ அதை, தோய் தருகிறேன். தமிழ் வரிசை அப்படியே. இதை எழுதிக்காட்டியபோது அண்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதை ஏன் இத்தனை நாளா யாரும் சொல்லல?" சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள், வேறென்ன. (பெயர்ச்சொல் வந்துவிட்டால் வரிசை மாறி வினைக்குப் பின்னால் போய்விடும் என்பதையும் அன்றே சொல்லிவைத்தேன்.)

இன்னொன்று ஸ்பானிஷ் ஆசிரியர்களே விளக்கத் திணறும் இடம். 'கோபுரத்தைப் பார்க்கிறேன்' என்றால் 'பேயோ லா தோர்ரே'. 'அந்த அம்மாவைப் பார்க்கிறேன்' என்றால் நடுவில் ஒரு 'ஆ' வரும்: 'பேயோ ஆ லா செஞோரா'. பார்க்கப்படுவது மனிதர் என்றால் அந்த 'ஆ' கட்டாயம். நாம் 'சினிமா பார்த்தேன்', 'கோபுரம் பார்த்தேன்' என்று உருபை விட்டுச் சொல்வோம். 'அம்மா பார்த்தேன்' என்று யாராவது சொல்வார்களா? 'அம்மாவைப் பார்த்தேன்' என்றுதான் வரும். அதே கணக்கு.

ஒலியிலும் இப்படி ஒரு இலவசம் உண்டு. ஸ்பானிஷ் 'நாதா' (ஒன்றுமில்லை) என்பதில் வரும் ஒலி, நம் 'அது', 'இது'வில் வரும் மெல்லிய த. ஆங்கிலேயர் இதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். நம் வாய்க்கு அது தானாக வந்துவிடும். 'நீ, நீங்கள்' பற்றியும் நேரம் செலவாகவில்லை. 'தூ' நீ, 'உஸ்தெத்' நீங்கள். எப்போது எது என்பது மதுரைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்பெயினில் இளைஞர்கள் சட்டென்று 'தூ'வுக்கு இறங்கிவிடுவார்கள், அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் சொன்னேன். அண்ணன் கடைசிவரை எல்லோரையும் 'உஸ்தெத்' என்றே அழைத்தார். நானும் மாற்றவில்லை.

'இருக்கு' என்பது மூன்றாக உடையும் இடம்

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. அதில் பெரியது இது. 'இது கோயில்', 'கோயில் ஊர் நடுவுல இருக்கு', 'உள்ள ஒரு குளம் இருக்கு' ஆகிய மூன்றும் ஸ்பானிஷில் மூன்று வேறு வினைகள்: எஸ், எஸ்தா, ஐ. கைடு வேலையில் இந்த மூன்றும் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடாது.

அண்ணனோடு சேர்ந்து ஒரு தோராயக் கணக்குக்கு வந்தோம். தமிழில் 'இருக்கு' இல்லாமலே வாக்கியம் நிற்குமா? 'இது கோயில்', 'அவர் ராஜா'. அப்படியானால் 'எஸ்'. இடம் சொல்கிறோமா, தெரிந்த பொருள் எங்கே என்கிறோமா? 'பொற்றாமரைக் குளம் அங்க இருக்கு'. அது 'எஸ்தா'. முதல் தடவையாக ஒன்று உண்டு என்று அறிவிக்கிறோமா? 'ஒரு குளம் இருக்கு', 'பதினாலு கோபுரம் இருக்கு'. அது 'ஐ'. பாதிக்கு மேல் பிழை இதிலேயே போய்விட்டது.

மீதிப் பிழை 'அழகா இருக்கு', 'சூடா இருக்கு' வகையில். தமிழில் இரண்டும் ஒரே அச்சு. ஸ்பானிஷில் கோயில் அழகு 'எஸ்', காபி சூடு 'எஸ்தா'. வழக்கமாகச் சொல்லும் விளக்கம், நிலையானது 'எஸ்', தற்காலிகம் 'எஸ்தா' என்பது. நான் அதைச் சொல்லிவிட்டு, கூடவே அது உடையும் இடத்தையும் சொன்னேன்: இறந்துபோனவரைப் பற்றி 'எஸ்தா முவேர்தோ' என்பார்கள், இறப்பைவிட நிலையானது எது? அண்ணன் யோசிக்கவே இல்லை. "மறுபிறவி இருக்குல்ல டீச்சர், அப்ப அதுவும் தற்காலிகம்தானே." இலக்கண நூல்கள் தரும் விளக்கத்தைவிட இது நினைவில் நிற்கிறது. இப்போது மற்ற மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன். (நூல்களின்படி, ஒரு மாற்றத்தின் விளைவாக வந்த நிலைக்கு 'எஸ்தா'.)

ஆண்பால் பெண்பால் இன்னொரு தொல்லை. நமக்கு அஃறிணை என்று ஒரு வசதி இருக்கிறது. கல்லும் மரமும் அதில் போய்விடும். ஸ்பானிஷில் கோபுரம் பெண், கோயில் ஆண், தூண் பெண், யானை ஆண், பூ பெண், மல்லிகை ஆண். பெரும்பாலும் 'ஓ'வில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண் என்றாலும், கை (மானோ) பெண், வரைபடம் (மாப்பா) ஆண், நாள் (தீயா) ஆண். காரணம் கேட்டால் வகுப்பு முடிந்துவிடும். சொல்லைத் தனியாகப் படிக்காமல், முன்னால் வரும் 'எல்' (ஆண்) அல்லது 'லா' (பெண்) என்பதோடு சேர்த்தே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்: லா தோர்ரே, எல் தெம்ப்லோ, லா கொலூம்னா. அண்ணன் தான் தினமும் நடக்கிற பாதையிலேயே இதைச் செய்தார். கிழக்குக் கோபுர வாசலில் ஆரம்பித்து ஒவ்வொரு பொருளையும் கடக்கும்போது முணுமுணுப்பார். பூக்கடைக்காரம்மா ஒருநாள் "என்னண்ணே, மந்திரமா?" என்று கேட்டதாகச் சொன்னார். பால் பிழை இன்றும் வருகிறது. பேச்சு நடுவில் நான் அதைத் திருத்துவதில்லை. கோபுரத்தை ஆணாக்கினாலும் எதிரில் நிற்பவருக்குப் புரிந்துவிடும்.

வேலையிலிருந்து எடுத்த பாடம்

தொடக்கநிலைப் பாடத்தில் 'என் மாமாவின் நாய் கறுப்பு' எல்லாம் இருக்கும். அண்ணனுக்கு அது எதற்கு? அவர் ஒரு நாளில் ஆங்கிலத்தில் சொல்வதை எல்லாம் கைப்பேசியில் பதிவுசெய்து கொண்டுவரச் சொன்னேன். கேட்டுப் பார்த்தால், அதில் பெரிய பகுதி வரலாறு இல்லை: செருப்பை இங்கே விடுங்கள், போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது, இதற்கு மேல் உள்ளே போக முடியாது, இங்கே உட்காரலாம், பை பத்திரம்.

இதற்கெல்லாம் ஸ்பானிஷில் ஆளே தேவைப்படாத மூன்று சட்டகங்கள் போதும். 'சே புவேதே' என்றால் செய்யலாம், 'நோ சே புவேதே' என்றால் கூடாது, 'ஐ கே' என்றால் செய்ய வேண்டும். பின்னால் வினையை மாற்றாமல் அகராதியில் இருக்கிறபடியே சேர்த்துக்கொள்ளலாம். 'ஐ கே கிதார்சே லோஸ் சபாத்தோஸ்': செருப்பைக் கழற்ற வேண்டும். 'நோ சே புவேதே என்த்ரார் கோன் மோபில்': போனோடு உள்ளே போகக் கூடாது. தமிழின் 'லாம், கூடாது, வேண்டும்' மூன்றும் அச்சாக இப்படித்தான், யாரென்று சொல்லாமல் பொதுவாக நிற்கும். வினைத் திரிபு ஒன்றுகூடத் தெரியாத ஆள் முதல் மாதமே பயனுள்ளதாகப் பேச இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர் 'இன்னைக்குச் சாப்பிடலாம், குளிக்கக் கூடாது, மாத்திரை போடணும்' என்று இதே மூன்றில் சொல்லிவிடலாம்.

அந்த 'சபாத்தோ' அண்ணனுக்கு உடனே பிடித்துவிட்டது. இலங்கைத் தமிழர் சப்பாத்து என்பது போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சொல், ஸ்பானிஷ் அந்த மொழியின் சகோதரி. மேசை 'மேசா', துவாலை 'தோஆயா', அலமாரி 'அர்மாரியோ' என்று கொஞ்சம் கிடைக்கும். ஜன்னல் கிடைக்காது, ஸ்பானிஷில் அது 'பென்தானா'. நாலைந்து சொல் இலவசம், அவ்வளவே.

எண்களுக்கு அதிக நேரம் கொடுத்தோம். கைடு என்றால் எண்தான். திருமலை நாயக்கர் மகால் கட்டியது 1636. ஆங்கிலத்தில் அதைப் பதினாறு, முப்பத்தாறு என்று இரண்டாக வெட்டிப் படிப்பார்கள். அண்ணனும் ஸ்பானிஷில் அப்படியே வெட்டினார். ஸ்பானிஷில் வெட்டக் கூடாது. ஆயிரத்து அறுநூற்று முப்பத்தாறு: 'மில் செய்ஸியென்தோஸ் த்ரெய்ந்தா இ செய்ஸ்'. தமிழ் வரிசை, 'ஒரு ஆயிரம்' என்று சொல்லாமல் 'ஆயிரம்' என்று தொடங்குவது உட்பட. ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: தூண் பெண்பால் என்பதால் நூறும் பெண்பாலாகி 'நொபெஸியென்தாஸ்' ஆக வேண்டும். அப்புறம் அளவு. தெற்குக் கோபுரத்தை 170 அடி என்று சொல்லிப் பழகியவர். ஸ்பெயின்காரருக்கு அடிக்கணக்கு ஓடாது, மீட்டரில் சொல்ல வேண்டும்: ஏறத்தாழ 52. பயிற்சிக்குப் பெரியார் நிலையத்தில் நின்று வண்டி நம்பர் பிளேட்டின் நாலு இலக்கத்தை வாய்விட்டுப் படித்தார். காசு செலவில்லாத பாடம், வண்டிக்கும் பஞ்சமில்லை.

கதை சொல்லும் இடம்

அண்ணன் வந்ததே மீனாட்சி கதைக்காக. கதை என்றால் இறந்தகாலம். ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு. ஒன்று நடந்து முடிந்த செயலுக்கு, இன்னொன்று பின்னணிக்கும் வழக்கத்துக்கும். வழக்கத்துக்குத் தமிழில் ஒரு கைப்பிடி உண்டு: 'சின்ன வயசுல அழகர் ஆத்துல எறங்குறதைப் பார்க்கப் போவோம்' என்கிறோமே, அந்தப் 'போவோம்' வருகிற இடமெல்லாம் இரண்டாவது வகை. ஆனால் பின்னணியில் தமிழ் கைவிட்டுவிடும். 'இருந்தார்', 'செய்தார்' இரண்டும் நமக்கு ஒரே இறந்தகாலம்.

விதியாகச் சொல்லாமல் கதையையே எடுத்துப் பிரித்தோம். மலையத்துவச பாண்டியன் என்று ஒரு ராஜா இருந்தார். அவருக்குக் குழந்தை இல்லை. யாகம் செய்தார். தீயிலிருந்து ஒரு பெண் குழந்தை வந்தது. முதல் இரண்டு வரியில் கதை நகரவில்லை, மேடை போடுகிறோம்: 'அபீயா ஊன் ரேய்', 'நோ தெனீயா ஈஹோஸ்'. மூன்றாவதில் ஏதோ நடக்கிறது: 'ஈஸோ'. நாலாவது: 'தெல் ஃபுவேகோ சாலியோ ஊனா நீஞா'. கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்கு இது எளிதாகப் பிடிபட்டது. ஒவ்வொரு வரிக்கும் "இது மேடையா, ஆட்டமா?" என்று தானே கேட்டுக்கொள்வார். மேடை என்றால் அபீயா வகை, ஆட்டம் என்றால் சாலியோ வகை. கதையை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. குட்டி குட்டி வாக்கியமாக, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வைத்தேன். மனப்பாடம் செய்தவர் நடுவில் ஒரு கேள்வி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

திணறும்போது வாயை மூடிக்கொள்ளாமல் இருக்க மூன்று சொல் கொடுத்தேன். 'புவேஸ்': நம் 'வந்து...'. 'ஓ சேயா': 'அதாவது'. 'எஸ் கே': 'என்னன்னா'. இதற்கு அப்புறம் அவர் ஸ்பானிஷ் பேச்சு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது. இலக்கணம் அதே அளவுதான் தெரியும், மௌனம் குறைந்துவிட்டது.

ஆகஸ்டில் நடந்தது

முதல் குழுவிடம் வரவேற்பும் செருப்பு, போன் அறிவிப்பும் மட்டும் ஸ்பானிஷில் சொன்னார். அதற்கே கைதட்டினார்களாம். அடுத்தடுத்த குழுக்களில் கோபுரம், குளம், ஆயிரங்கால் மண்டபம் என்று கூட்டிக்கொண்டே போய், மாதக் கடைசியில் மீனாட்சி கதையைத் தானே சொன்னார். துணையாளர் ஓரமாக நின்று கேட்டார்.

கதையில் ஒரு சிரிப்பு எழுந்தது. மீன் போன்ற கண்ணுடையவள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஓஹோஸ் தே பெஸ்காதோ' என்றிருக்கிறார். ஹோட்டல் மெனுவில் பார்த்த சொல். நீரில் நீந்துகிற மீன் 'பெஸ்', பிடித்துச் சமையலுக்கு வந்துவிட்டால் 'பெஸ்காதோ'. அம்மனுக்குக் குழம்பு மீன் கண் ஆகிவிட்டது. வயதான ஒரு பெண்மணி அவர் தோளைத் தொட்டு "பெஸ், பெஸ்" என்று திருத்தினாராம். அந்தச் சொல்லை அவர் இனி மறக்கமாட்டார். பல தடவை பட்டியலில் படித்தாலும் இந்த அளவுக்குப் பதியாது. சிரித்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. கதை முடிந்ததும் அதே ஆட்கள்தான் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள்.

கேள்விதான் சிக்கல். பேசுவதில் அவர் தன் பாதையில் தைரியமாக நடப்பார், கேட்பதில் இன்னும் தொடக்கநிலைதான். தென் ஸ்பெயின்காரர்கள் சொல் கடைசி 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுவார்கள். ஒருமையா பன்மையா என்றே தெரியாது. 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்' (கொஞ்சம் மெதுவா) என்று சொன்னால் அடுத்த வாக்கியம் மட்டும் மெதுவாக வரும், மூன்றாவது வாக்கியம் பழைய வேகத்துக்குப் போய்விடும். அந்த இடத்தில் துணையாளர் உதவினார். இது என் திட்டத்தின் விளைவுதான். சொல்வதற்கு முன்னுரிமை கொடுத்தோம், கேட்பதற்குக் கொடுத்த நேரம் குறைவு. இலக்கு ஆகஸ்ட் என்றால் வேறு வழியில்லை. அவசரமில்லாத ஒருவருக்கு நான் இதைத் தலைகீழாக்குவேன்: தினமும் அரை மணி கேட்பது, அதில் பாதிக்கு மேல் புரிகிற அளவு எளிய ஒலிப்பதிவு.

தேர்வு எழுதலாமா என்று கேட்டார். ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் தெலே தேர்வு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளில் இருக்கிறது. அந்த நிறுவனத்துக்குப் புதுதில்லியில் மையம் உண்டு. மேற்படிப்புக்கோ வேலைக்கோ சான்றிதழ் காட்ட வேண்டியவர் எழுதலாம். அண்ணனிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அந்தத் தேர்வில் எழுதுவதும் படிப்பதும் உண்டு. அவருக்கு அந்த நேரத்தைக் காதுக்குக் கொடுப்பது லாபம்.

இன்னும் தீராதது

உருட்டும் 'ர்ர'. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். தமிழில் ற இருக்கிறதே என்று நினைப்போம். மதுரைப் பேச்சில் காற்று 'காத்து', சோறு 'சோரு'. றகரத்தை நாங்கள் எப்போதோ கைகழுவிவிட்டோம். நாக்கு நுனியை மேலண்ணத்தில் தளர்வாக வைத்துக் காற்றைத் தள்ளச் சொன்னேன், சின்னப் பையன்கள் வண்டி ஓட்டி விளையாடும்போது எழுப்புகிற சத்தத்தைப் போடச் சொன்னேன். தனியாக வருகிறது, 'தோர்ரே'க்குள் போட்டால் ஓடிவிடுகிறது. கோபுரத்தை நாளுக்கு இத்தனை தடவை சொல்கிற மனிதருக்கு இது உறுத்தலாக இருக்கிறது. பொருள் குழம்பும் சொல் சிலதான் என்பதால் நான் அவசரப்படவில்லை.

எந்த ஊர் ஸ்பானிஷ் என்பதும் பாக்கி. 20 நாடுகளின் அரசுமொழி, ஏறக்குறைய 50 கோடிப் பேரின் தாய்மொழி, எல்லோரும் ஒரே மாதிரி பேச மாட்டார்கள். ஸ்பெயின்காரர் 'கிராத்தியாஸ்' என்று நாக்கை வெளியே நீட்டிச் சொல்லும் நன்றி, மெக்சிகோக்காரர் வாயில் 'கிராசியாஸ்'. கைப்பேசி ஸ்பெயினில் 'மோபில்', மெக்சிகோவில் 'செலுலார்'. நான் 'கிராசியாஸ்' சொல்லித்தந்தேன். எல்லா நாட்டிலும் புரியும், நம் வாய்க்கும் எளிது. செப்டம்பரில் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வீதி என்பதை அவர்கள் 'காஷே' என்றதும், 'தூ'வுக்குப் பதில் 'போஸ்' என்றதும் அண்ணன் பயந்துவிட்டார். "நான் படிச்சது வேற மொழியா டீச்சர்?" மதுரையும் நாகர்கோவிலும் ஒரே தமிழ்தானே என்றேன். சமாதானமானாரா தெரியவில்லை.

இப்போது கேட்கும் பயிற்சி மட்டும் நடக்கிறது. ஆகஸ்டில் பழக்கமான ஒரு குடும்பத்தோடு வாரம் ஒருமுறை குரல்செய்தி அனுப்பிக்கொள்கிறார். ஸ்பெயின் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால் இருக்கிறது. நம் ராத்திரி எட்டு மணிக்கு அவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள், வசதி. வருகிற செய்தியை முதலில் எழுத்துப் பார்க்காமல் கேட்பது, புரிந்ததைத் தமிழில் எனக்குச் சொல்வது, அப்புறம் மறுபடி கேட்பது. ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்திவிடுவேன். போன வாரம் அந்தக் குடும்பத்துப் பையன், அம்மனை ராத்திரி பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வார்களா, சுவாமியையா என்று கேட்டு அனுப்பியிருந்தான். சுவாமியைத்தான் பல்லக்கில் கொண்டுபோவார்கள் என்று பதில் சொல்ல அண்ணனுக்கு 'லோ' தேவைப்பட்டது. 'லோ யேவான்' (அவரைக் கொண்டுபோகிறார்கள்) என்று சரியான வரிசையில், யோசிக்காமல் வந்தது. பல்லக்குக்குச் சொல் தெரியாமல் 'தமிழ்ல பல்லக்கு' என்றே சொல்லி அனுப்பிவிட்டார்.